மின்மினி விளக்கும் மெய்யான நெசவும்

தூக்கணாங்குருவி தன் கூட்டுக்குள் ஈரமண்ணை அப்பி, அதில் மின்மினிகளைப் பதித்து இரவில் விளக்கேற்றிக்கொள்ளும் என்ற செய்தி, புதிய கண்டுபிடிப்பைப் போல அவ்வப்போது சுற்றுக்கு வருகிறது. கூட்டில் மண் அப்பப்பட்டிருப்பது உண்மை. அந்த எடை காற்றில் கூடு நிலைகுலையாமல் காக்கக்கூடும் என்பது ஒரு விளக்கம். விளக்குக்கோ சான்று இல்லை. இரவில் உறங்கும் பறவைக்கு அதற்கான தேவையும் இல்லை.

திருவனந்தபுரத்தில் கரமனைக்குத் தெற்கே, வெள்ளாயணி ஏரியை ஒட்டிய புஞ்சக்கரி வயல்வெளி போன்ற இடங்களில் வாழும் இப்பறவையிடம் வியக்க வேண்டியது அதன் நெசவையே. ஆண்பறவை நெல்லிலையின் அல்லது தென்னங்கீற்றின் விளிம்பில் அலகால் ஒரு வெட்டுப் போட்டு, வெட்டிய முனையைக் கவ்வியபடி பறக்கிறது; இலை நரம்புகள் இணையாக ஓடுவதால், பறக்கும் விசையிலேயே 20 முதல் 60 செ.மீ. வரை நீளமுள்ள நார் சீராகக் கிழிந்து வந்துவிடுகிறது. ஒரு கூட்டை முடிக்க இவ்வாறு ஏறத்தாழ 500 முறை பறக்க நேரிடலாம்.

கிடுகு முடைபவர் ஓலையை நீரில் ஊறப்போட்டு, முடைந்த பகுதியைக் காலால் அழுத்திக்கொண்டு அடுத்த கீற்றைக் கோக்கிறார்; குருவிக்கோ பச்சை இலையின் ஈரமே ஊறலாகிறது, காலே பிடியாகிறது, அலகே கையாகிறது. ஆனால், முடைபவருக்கு அமரத் தரை இருக்கிறது. குருவி முதலில் ஒரு வளையத்தைப் பின்னி, அதிலேயே தொற்றிக்கொண்டு, தான் அமர்ந்திருக்கும் கிடுகையே முடைகிறது. பசை ஏதுமின்றி, நார்கள் ஒன்றையொன்று பற்றும் உராய்வே பின்னலைத் தாங்க, உலர்ந்து விறைக்கும் நார் வடிவத்தை நிலைநிறுத்துகிறது.

பறவையியலாளர் சாலிம் அலி, பம்பாயை அடுத்த கிகிம் கிராமத்தில் இக்கூடுகளைக் கவனித்து 1931இல் கட்டுரை வெளியிட்டார். ஆண், கூட்டைப் பாதிவரை, அதாவது தலைக்கவசம் போன்ற நிலைவரை, கட்டி நிறுத்துகிறது என்றும், பெண் வந்து பார்த்து ஏற்ற பிறகே முட்டையறையையும் நுழைவுக்குழாயையும் முடித்து, பின்பு வேறொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்குகிறது என்றும் அவர் விளக்கினார். ஆகவே, பாதியில் நிற்கும் கூடுகளில் பல, பெண்பறவை ஏற்காதவை.

இந்த நெசவுக்கு நூலும் தறியும் வயலும் தென்னையுமே. வயல் மனையாகும்போது நாருக்கான இலையும் இரைக்கான தானியமும் சேர்ந்தே போய்விடுவதால், குருவியைக் காக்க விரும்புவோர் முதலில் காக்க வேண்டியது வயலைத்தான்.