கப்பல் வராத துறைமுகம்

இலங்கைத் தீவின் தென்கோடியில் அம்பாந்தோட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. மழை குறைந்த வறண்ட பிரதேசம்; உப்பளங்களும் முட்புதர்க் காடுகளும் நிறைந்தது. பின்னாளில் பெரிய ஆசிரியராகப் புகழ்பெற்ற லெனார்டு உல்ஃப் என்ற ஆங்கிலேயர் 1908 முதல் 1911 வரை அங்கே சர்க்கார் உத்தியோகம் பார்த்தார். அதற்கு மேல் அவ்வூரைப் பற்றி வெளியுலகம் அதிகமாக அறிந்ததில்லை. 2004-ம் வருஷக் கடைசியில் ஆழிப் பேரலை வந்து ஊரைச் சின்னாபின்னப்படுத்தியபோது சில நாள் பத்திரிகைகளில் அதன் பெயர் அடிபட்டது. இன்றோ டில்லியிலும் பீஜிங்கிலும் வாஷிங்டனிலும் ராஜதந்திரிகள் கூடிப் பேசும் இடங்களிலெல்லாம் அம்பாந்தோட்டையின் பெயர் ஒலிக்கிறது. உப்பு விளைந்த ஊருக்கு இந்தப் பிரக்யாதி எப்படி வந்தது என்பதை நேயர்கள் அறிந்துகொள்வது அவசியம் என்று கருதுகிறோம்.

உலக வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஐரோப்பாவிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் கிழக்கே சீனா, ஜப்பான் தேசங்களுக்குப் போகும் கப்பல்கள் இலங்கையின் தென்முனையைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. அம்பாந்தோட்டைக் கரையிலிருந்து சுமார் 10 கடல் மைல் தூரத்திலேயே அந்தப் பெரிய கடல் மார்க்கம் இருக்கிறது. வீட்டு வாசலில் இத்தனை பெரிய ராஜபாட்டை போகிறதே, ஒரு சத்திரம் கட்டினால் என்ன என்ற எண்ணம் யாருக்கும் தோன்றக்கூடியதுதான். 2003-ல் கனடா தேசத்துக் கம்பெனி ஒன்றும், 2006-ல் டென்மார்க் தேசத்துக் கம்பெனி ஒன்றும் அங்கே துறைமுகம் கட்டுவதைப் பற்றி ஆராய்ச்சி செய்து அறிக்கை கொடுத்தன. ஆகையால், இந்த யோசனை சீனர்கள் வந்து காதில் ஓதியது என்று சொல்வதற்கில்லை.

2005-ம் வருஷக் கடைசியில் ஜனாதிபதியான மகிந்த ராஜபக்ஷ அந்த ஜில்லாவைச் சேர்ந்தவர். தம் சொந்தச் சீமைக்குத் துறைமுகம் வரவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதில் ஆச்சரியமில்லை. முதலில் இந்தியாவிடந்தான் கேட்டதாக அவர் பிற்பாடு சொன்னதுண்டு. கடைசியில் பணம் கொடுக்க முன்வந்தது சீன சர்க்காரின் ஏற்றுமதி இறக்குமதி பாங்கி. முதல் கடன் 30 கோடியே 70 லட்சம் டாலர்; வட்டி நூற்றுக்கு 6.3. வேலை செய்ததும் சீனக் கம்பெனிதான். 2010 நவம்பரில் மேளதாளத்துடன் துறைமுகம் திறக்கப்பட்டது. முதல் துறைமுகத்தில் வருமானம் வரத் தொடங்குவதற்கு முன்பே, 2012-ல், விஸ்தரிப்புக்காக இன்னும் 75 கோடியே 70 லட்சம் டாலர் கடன் வாங்கினார்கள். இதற்கு மட்டும் வட்டி நூற்றுக்கு 2.

துறைமுகம் வந்தது, கப்பல்தான் வரவில்லை. 2012-ம் வருஷத்தில் கொழும்புத் துறைமுகத்துக்கு 3,667 கப்பல்கள் வந்தன. அம்பாந்தோட்டைக்கு வந்தவை 34. கப்பலுக்கு வேண்டியது ஆழமான தண்ணீரும் கருங்கல் சுவரும் மட்டுமல்ல. ஏற்றுவதற்குச் சரக்கு வேண்டும்; இறக்கினால் வாங்க ஆள் வேண்டும்; சுற்றிலும் ஆலைகளும் கிடங்குகளும் வேண்டும். ராஜபாட்டையில் ஆயிரம் வண்டி போனாலும், நிற்க வேண்டிய காரணம் இல்லாத இடத்தில் வண்டிக்காரன் மாட்டை அவிழ்ப்பானா? வெளிநாட்டு மோட்டார் வண்டிகளை இறக்கும் கப்பல்களைக் கொழும்பிலிருந்து அம்பாந்தோட்டைக்குத் திருப்பி அனுப்பிச் சர்க்கார் கொஞ்சம் வியாபாரத்தை உண்டாக்கிப் பார்த்தது. வட்டியோ இரவு பகல் பாராமல் வளர்ந்தது.

2015 ஜனவரியில் ராஜபக்ஷ தேர்தலில் தோற்றார். புதிதாக வந்தவர்கள் பெட்டியைத் திறந்தபோது உள்ளே கடன் பத்திரங்களே மிகுதியாக இருந்தன. 2017 ஜூலையில் சீனா மெர்ச்சண்ட்ஸ் கம்பெனியோடு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 112 கோடி டாலருக்குத் துறைமுகத்தில் சுமார் நூற்றுக்கு 70 பங்கு அந்தக் கம்பெனிக்கு. குத்தகைக் காலம் 99 வருஷம். அந்த வருஷ ஆரம்பத்திலேயே, துறைமுகத்தோடு 15,000 ஏக்கர் நிலமும் தொழிற்பேட்டைக்குப் போகப்போகிறது என்று கேள்விப்பட்ட கிராமத்து ஜனங்கள் வீதிக்கு வந்து மறியல் செய்தார்கள். போலீஸாரோடு மோதலும் நடந்தது.

இங்கே ஒரு விஷயத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். குத்தகைப் பணம் வந்ததும் துறைமுகக் கடன் தீர்ந்துவிட்டது என்றே பலர் எண்ணுகிறார்கள். அப்படி நடக்கவில்லை. வந்த டாலர் அந்நியச் செலாவணிக் கையிருப்பைப் பெருக்கவும் மற்ற பாக்கிகளைச் சமாளிக்கவும் பயன்பட்டது. சீன பாங்கியிடம் வாங்கிய கடன் அப்படியே இலங்கைப் பொக்கிஷத்தின் தலையில் நின்றது. துறைமுகமும் கைமாறியது, கடனும் தங்கியது. வீட்டைக் குத்தகைக்கு விட்டு வந்த பணத்தில் மளிகைக் கடைப் பாக்கியை அடைத்துவிட்டு, வீடு கட்ட வாங்கிய கடனுக்கு இன்னும் வட்டி கட்டுகிற குடும்பத்தின் நிலைமை இது.

99 வருஷம் என்றால் எவ்வளவு காலம்? உடன்படிக்கை வருஷத்தில் பிறந்த குழந்தையின் பேரன் தலைநரைக்கும் காலம். இந்த எண்ணில் ஒரு விசித்திரமும் உண்டு. 1898-ல் பலவீனமாயிருந்த சீனாவிடமிருந்து ஹாங்காங்கை ஒட்டிய பிரதேசங்களைப் பிரிட்டன் இதே 99 வருஷத்துக்குத்தான் எழுதி வாங்கிக்கொண்டது. அதைப் பெரும் தேசிய அவமானமாகக் கருதிய சீனா 1997-ல் திரும்பப் பெற்றது. குத்தகைச் சீட்டின் வேதனையை நன்றாக அறிந்த தேசம், அதே சீட்டை இன்னொருவர் கையில் நீட்டிய காட்சியைச் சரித்திரம் கண்டது.

ஆயினும், சீனா வலை விரித்தது, இலங்கை விழுந்தது என்று சொல்லி முடித்துவிடுவது நியாயமாகாது என்பதே நமது அபிப்பிராயம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கொடுக்க இயலாது என்று இலங்கை அறிவித்தபோது, அதன் வெளிநாட்டுக் கடனில் தனிப்பெரும் பங்கு உலகச் சந்தையில் உயர்ந்த வட்டிக்கு விற்ற பத்திரங்கள்தான். அந்தப் பத்திரங்களை வாங்கியவர்களில் மேல்நாட்டுப் பணமுதலைகள் பலர் உண்டு. கடன் கொடுத்தவன் தன் லாபத்தைப் பார்த்தான். அது அவன் சுபாவம். வாங்கியவர்கள் தங்கள் ஜனங்களிடம் கணக்குக் காட்டியிருக்க வேண்டும். அதைச் செய்யாததுதான் முதல் குற்றம்.

இனி அக்கம்பக்கத்தாரின் கவலையைப் பார்ப்போம். 2014-ல் சீன நீர்மூழ்கிக் கப்பல் இருமுறை கொழும்பில் வந்து நின்றது. இந்தியா முகம் சுளித்தது. 2017 உடன்படிக்கையில் துறைமுகத்தின் பந்தோபஸ்து இலங்கைக் கடற்படையின் வசமே இருக்கும் என்று எழுதச் செய்ததற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம். 2022 ஆகஸ்டில் ‘யுவான் வாங் 5’ என்ற சீனக் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. செயற்கைக் கிரகங்களையும் ஏவுகணைகளையும் தொடர்ந்து கவனிக்கும் கருவிகள் கொண்ட கப்பல் அது. நம் தென்னாட்டுக் கரை அதன் பார்வைக்கு எட்டிய தூரத்தில்தான் இருந்தது. வரவேண்டாம் என்று இந்தியா சொன்னது. வந்தே தீரும் என்று சீனா சொன்னது. நடுவில் நின்ற இலங்கை முதலில் தாமதிக்கச் சொல்லிவிட்டு, பிறகு அனுமதித்தது. கையில் காசில்லாதவன் வாசலுக்கு யார் வருவது என்பதைக் கூடத் தானே தீர்மானிக்க முடியாமற் போகிறது.

போட்டியில் இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையை இந்தியாவும் ஜப்பானும் சேர்ந்து நடத்த 2019-ல் ஒப்பந்தமாயிற்று. தொழிலாளர் எதிர்ப்பினால் 2021-ல் இலங்கை அதை ரத்து செய்தது. பிறகு மேற்கு முனையைக் கட்டி 35 வருஷம் நடத்தும் உரிமை இந்தியாவின் அதானி கம்பெனி சேர்ந்த கூட்டுக்குக் கிடைத்தது. 2025 ஏப்ரலில் அங்கே வேலை தொடங்கியது. கொழும்பில் கப்பல் மாறும் சரக்கில் பெரும்பகுதி இந்தியாவுக்கு வருவதும் இந்தியாவிலிருந்து போவதுமே. சரக்கு இருக்கிற இடத்தில் 35 வருஷம் கேட்டார்கள். சரக்கு இல்லாத இடத்தில் 99 வருஷம் கொடுக்க வேண்டியிருந்தது. பேரம் பேசும் பலம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

இன்று அம்பாந்தோட்டை முன்போல் வெறிச்சோடிக் கிடக்கவில்லை. ஆண்டுதோறும் லட்சக்கணக்கான மோட்டார் வண்டிகள் அங்கே கப்பல் மாறிப் போகின்றன. துறைமுகம் பயனற்றது என்று சொன்னவர்கள் வாய் மூட வேண்டியதுதான். ஆனால் வியாபாரம் வந்த காலத்தில் லாபத்தின் பெரும்பங்கு அயலான் கைக்குப் போய்விட்டது. பத்து வருஷம் பொறுத்திருக்கும் சக்தி யாரிடம் இருந்ததோ, அவரிடமே பலனும் போய்ச் சேர்ந்தது.

அந்நிய மூலதனமே ஆகாது என்று நாம் வாதிக்கவில்லை. அதை வரவேற்கும்போது மூன்று கேள்விகளைத் தேச ஜனங்கள் கூசாமல் கேட்க வேண்டும்: சரக்கு எங்கே? வருமானம் வருமட்டும் வட்டி கட்டுவது யார்? சீட்டு எத்தனை வருஷத்துக்கு? இந்த மூன்றுக்கும் சட்டசபையில் பகிரங்கமாகப் பதில் வராத எந்தத் திட்டமும், அதில் பெயர் பொறித்த கல்வெட்டு எவ்வளவு அழகாயிருந்தாலும், பேரப்பிள்ளைகளின் சொத்தைப் பணயம் வைப்பதுதான்.