வெந்நீரில் பத்து நிமிடம்

மூலம், பவுத்திரம், ஆசனவாய் வெடிப்பு ஆகியவற்றுக்கு அறுவை செய்துகொண்டு வீடு திரும்புபவரிடம் பெரும்பாலும் சொல்லி அனுப்பப்படுவது ‘சிட்ஸ் பாத்’. இடுப்புக்குக் கீழே மட்டும் வெதுவெதுப்பான நீரில் அமிழும்படி உட்காருவதுதான் அது. உட்காருவதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லில் பிறந்த பெயர்.

மூலத்துக்கு இன்றும் பரவலாகச் செய்யப்படும் அறுவை, லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் மில்லிகனும் மார்கனும் 1937-இல் விவரித்த முறை. அதில் புண்ணைத் தைத்து மூடுவதில்லை. அடியிலிருந்து சதை வளர்ந்து அது ஆறுவதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அதுவரை மலம் அந்தப் புண்ணை உரசித்தான் வெளியேற வேண்டும். பயந்து அடக்கினால் மலம் இறுகும், வலி இரட்டிக்கும். வலி வந்தால் ஆசனவாயின் சுருக்குத் தசை இன்னும் இறுகிக்கொள்ளும். வெந்நீரின் சூட்டில் அந்தத் தசை தளர்கிறது. அறுவைக்குப் பின் சிறுநீர் பிரியாமல் தவிக்கும் சிலருக்கும் இது உதவும். புண்ணைச் சீக்கிரம் ஆற்றும் என்பதற்கு மட்டும் ஆய்வுகளில் வலுவான சான்று இல்லை. இதமும் சுத்தமுமே இதன் பலன். அந்த நாட்களில் அதுவே பெரிது.

கோவில்பட்டி, விளாத்திகுளம், குளத்தூர் என நீளும் கரிசல் காட்டில் தண்ணீரை எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். தினம் மூன்று நான்கு முறை குளியல் என்றால் மலைப்பாக இருக்கும். ஆனால் அகலமான பிளாஸ்டிக் பேசினில் சில லிட்டர் நீர் போதும். கண்மாய் நீரானால் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. முழங்கையை நனைத்துப் பார்த்தால் சுடக்கூடாது. சர்க்கரை நோயால் மரத்துப்போன உடம்புக்குச் சூடு தெரியாது என்பதால், வேறொருவர் தொட்டுப் பார்ப்பது நல்லது. மலம் கழித்தவுடன் உட்காருவது முக்கியம். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். எழும்போது தலைசுற்றலாம், முதியவர்களுக்குத் துணை வேண்டும். பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக்கூடாது.

உப்பு தேவையில்லை. கிருமிநாசினி ஊற்றுவது புண்ணை எரிக்கத்தான் செய்யும். மருத்துவர் பொட்டாசியம் பெர்மாங்கனேட் எழுதியிருந்தால் நீர் இளஞ்சிவப்பாக இருக்கும் அளவே போதும். கரையாத துகள் தோலைப் பொசுக்கிவிடும்.

மலம் இளகவில்லை என்றால் எத்தனை முறை உட்கார்ந்தும் பயனில்லை. நிறையத் தண்ணீரும், இந்த மண்ணில் விளையும் கம்பு, சோளத்தின் நார்ச்சத்தும் அதற்குக் கைகொடுக்கும்.

காய்ச்சல், சீழ், நாளுக்கு நாள் கூடும் வலி, அடைபட்ட சிறுநீர் ஆகியவை கண்டால் பேசினை வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். ரத்தம் கட்டிகட்டியாக வந்தால் 108-ஐ அழையுங்கள்.