செயின் ஏன் உரசுகிறது?

சைக்கிளுக்கு வாய் இல்லை; ஆயினும் அது பேசும். சக்கரத்தில் காற்று இறங்கினால் ஒருவிதமாகவும், பிரேக் கட்டை தேய்ந்தால் வேறுவிதமாகவும் பேசும். அவற்றுள் நாம் அடிக்கடி கேட்பதும், கேட்டும் கேளாதது போல் இருந்துவிடுவதும் 'கறக், கறக்' என்று செயின் உரசும் ஓசையைத்தான்.

வியாசர்பாடியில் சைக்கிள் ஓட்டும் நமக்கு இந்த ஓசை புதிதன்று. ரயில் பாதைகள் சூழ்ந்த பகுதி இது. மழை பெய்தால் சுரங்கப்பாதையில் நீர் நிற்கும். மழை விட்டால் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் லாரிகள் கிளப்பும் புழுதி பறக்கும். கடலும் வெகு தொலைவில் இல்லை. உப்புக் காற்று இரும்பைத் தின்னும். நீரும் புழுதியும் உப்பும் சேர்ந்து முதலில் பதம் பார்ப்பது செயினைத்தான்.

"ஓசைதானே, போகட்டும்" என்று விட்டுவிடலாமா? கூடாது. உரசும் செயின் இன்று சாயத்தைச் சுரண்டும். நாளை பல்லிலிருந்து கழலும். நடுச் சாலையில் பின்னால் லாரி வரும்போது செயின் கழன்றால் பெடல் சட்டென்று வெறுமையாய்ச் சுற்றும், கால் நழுவும். கழன்ற செயின் பிரீவீலுக்கும் ஃபிரேமுக்கும் இடையே சிக்கிக்கொண்டால் பின்சக்கரமே நின்றுவிடவும் கூடும். இன்னொரு நஷ்டமும் உண்டு. சத்தம் போடும் சைக்கிளை ஓட்ட வெட்கப்பட்டோ, பயந்தோ ஒரு மாணவி அதை வீட்டில் நிறுத்திவிடுகிறாள். பிறகு பேருந்துக்குக் காத்திருக்கிறாள்; மாலைச் சிறப்பு வகுப்பை விடுகிறாள். ஒரு வாஷர் செய்த வேலை அது! ஆகவே செயின் ஏன் உரசுகிறது, அதை நாமே எப்படிச் சரிசெய்யலாம் என்பதை இங்கே காண்போம்.

செயின் நமக்குச் செய்த உதவி

ஒரு காலத்தில் சைக்கிளுக்குச் செயினே இல்லை. ஆளுயர முன்சக்கரத்தின் அச்சிலேயே பெடலைப் பொருத்தியிருந்தார்கள். நீண்ட பாவாடை அணிந்த பெண்கள் அதன்மேல் ஏறுவதை நினைத்தும் பார்க்க முடியாது. 1880-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் உருளை பொருந்திய செயினை உருவாக்கினார். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 'ரோவர்' சைக்கிளைச் செய்தார். உயரமான முன்சக்கரம் போயிற்று. பெடல் நடுவில் வந்தது. செயின் அந்த விசையைப் பின்சக்கரத்திற்கு எடுத்துச் சென்றது. இருக்கை தாழ்ந்தது. பிறகு மேல் பார் இல்லாத லேடீஸ் சைக்கிளும், உடை சிக்காதபடி செயின் கவரும் வந்தன. பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது செயின் என்றே சொல்லலாம்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. போன்ற பெயர்கள் தமிழகத்துத் தெருக்களில் பழகிப்போயின. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் எழுத்தறிவோடு சைக்கிளும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. வயலில் உழைப்போர், கல்குவாரியில் உழைப்போர் எனப் பல்லாயிரம் பெண்கள் ஓட்டக் கற்றனர். 2001-2002 கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் தரும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. 2005-2006 முதல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு பயிலும் மாணவ மாணவியருக்கு அது விரிவாக்கப்பட்டது.

வண்டி நம் கைக்கு வந்துவிட்டது. ஆனால் ஸ்பேனர் மட்டும் பல வீடுகளில் இன்னும் அண்ணன் கையிலேயே இருக்கிறது!

செயின் நீள்வது எப்படி?

செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள இடைவெளி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு ஏற்பவே பற்சக்கரத்தின் பற்களும் வெட்டப்பட்டுள்ளன. நாளாக நாளாகச் 'செயின் நீண்டுவிட்டது' என்கிறோமே, உண்மையில் இரும்புத் தகடு ரப்பரைப் போல நீள்வதில்லை. பின்னும் அது சுழலும் துளையும் தேய்கின்றன. ஓர் இணைப்பில் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் செயினில் 110 இணைப்புகள் இருந்தால் மொத்தம் 11 மில்லிமீட்டர் கூடிவிடும். அதுவே தொய்வாகிறது.

இதை அளந்து பார்க்கப் பள்ளிக்கூட அளவுகோலே போதும். புதிய செயினில் 24 இணைப்புகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் அந்தச் செயின் தன் காலத்தை முடித்துவிட்டது என்று பொருள். எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் அது பல்லில் ஒழுங்காக உட்காராது. புதிய செயின் போடும்போது பற்களும் கூராகத் தேய்ந்துள்ளனவா என்று கடைக்காரரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

முதலில் இடத்தைக் கண்டுபிடிப்போம்

நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுக்கலாகாது. 'செயின் ஃபிரேமில் உரசுகிறது' என்று நாம் சொல்லும்போது, பல வேளைகளில் அது உரசுவது ஃபிரேமில் அன்று, செயின் கவரில்தான். ஆகவே சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு நன்றாகப் பார்க்க வேண்டும். உரசும் இடத்தில் சாயம் போய் இரும்பு பளபளக்கும். அப்படித் தெரியாவிட்டால் கரும்பலகைச் சாக்குக்கட்டியைச் சிறிது நீரில் நனைத்து, சந்தேகப்படும் இடங்களில் பூசிக் காயவிடுங்கள். பெடலைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். எங்கே வெண்மை அழிந்திருக்கிறதோ அங்கேதான் உரசல்.

ஓர் எச்சரிக்கை: சுற்றும்போது செயினிலோ பல்லிலோ விரல் வைக்கவே கூடாது. தம்பி தங்கையரை அருகில் விடக் கூடாது. தாவணி முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும்.

ஓசையின் கணக்கு

ஓசை எப்போது வருகிறது என்று எண்ணிப் பார்த்தால் பாதி காரணம் விளங்கிவிடும்.

பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது ஒரே ஒரு முறை உரசினால், பெடலோடு சுற்றும் பெரிய பற்சக்கரம் கோணியிருக்கும். அல்லது பெடல் அச்சு ஆடும்.

இரண்டு அல்லது இரண்டரைச் சுற்றுக்கு ஒரு முறை 'டிக்' என்றால் குற்றம் செயினிலேயே உள்ளது. பெரிய பற்சக்கரத்தில் 44 பல் இருந்தால் ஒரு சுற்றில் 44 இணைப்புகள் நகரும். 110 இணைப்புகள் உள்ள செயின் முழுதாக வலம்வர இரண்டரைச் சுற்று ஆகிறது. ஆகவே துருப்பிடித்து மடங்காமல் விறைத்து நிற்கும் ஓர் இணைப்பே அந்த 'டிக்' ஓசைக்குக் காரணம்.

ஓயாமல் உரசிக்கொண்டே இருந்தால், கவர் நெளிந்திருக்கும். அல்லது செயின் நேர்க்கோட்டில் ஓடவில்லை.

மேடுபள்ளத்தில் மட்டும் 'படார்' என்று அடித்தால், செயின் தொய்ந்திருக்கிறது.

காரணமும் பரிகாரமும்

முதலாவது, தொய்வு. பெரும்பாலான உரசலுக்கு இதுவே வேர். செயினின் கீழ்ப்பகுதியை நடுவில் ஒரு குச்சியால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மொத்த அசைவு ஏறக்குறைய அரை அங்குலம் இருக்கலாம். அதற்கு மேல் போனால் தொய்வு. பற்சக்கரம் முற்றிலும் வட்டமாக இருப்பது அரிது. ஆகையால் பெடலைச் சிறிது சிறிதாகத் திருப்பி, செயின் மிக இறுக்கமாக நிற்கும் நிலையில் அளக்க வேண்டும்.

தொய்வை நீக்க, பின்சக்கர அச்சின் இருபுற நட்டுகளையும் ஸ்பேனரால் தளர்த்த வேண்டும். ஸ்டாண்டு, மட்கார்டுக் கம்பி, கேரியர் ஆகியவையும் அதே அச்சில் மாட்டியிருக்கும். அவற்றின் வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அச்சு உட்காரும் இடம் நீள்வெட்டாக இருக்கும். அதில் சக்கரத்தைப் பின்னோக்கி இழுத்தால் செயின் இறுகும். செயின் பக்க நட்டை முதலில் பாதி இறுக்கிவிட்டு, சக்கரத்தை நேராக்கி, மறுபக்க நட்டை இறுக்கி, கடைசியில் இரண்டையும் முழுதாக முறுக்க வேண்டும். வீணைத் தந்தி போல விறைப்பாக இழுத்துவிடாதீர்கள். மிகுந்த இறுக்கம் பால்ரஸ்ஸையும் பிரீவீலையும் தேய்க்கும், மிதிப்பதும் கடினமாகும். சக்கரம் நகர்ந்தபின் பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படுகிறதா என்று பார்த்த பிறகே சைக்கிளில் ஏற வேண்டும்.

இரண்டாவது, சக்கரம் கோணலாக நிற்பது. பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரை, சக்கரத்தின் இருபுறமும் இரண்டு கீழ்க்குழாய்கள் செல்கின்றன. டயருக்கும் அக்குழாய்களுக்கும் இடையே உள்ள வெளி இருபுறமும் சமமாக இருக்க வேண்டும். ஒருபுறம் விரல் நுழைந்து மறுபுறம் நுழையாவிட்டால் சக்கரம் சாய்ந்திருக்கிறது. அப்போது செயினும் சாய்வாகவே பிரீவீலுக்குள் நுழையும். பின்னால் குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். முன் பல்லும் பின் பல்லும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். பற்களின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால், நெடுநாளாகவே செயின் சாய்வாக ஓடுகிறது என்று அறியலாம்.

மூன்றாவது, வாஷர் இடம் மாறுவது. டயர் மாற்றச் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய மறுநாளிலிருந்து, ஃபிரேமின் பின்முனையில் செயின் உரசத் தொடங்கினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஃபிரேமுக்கு உட்புறம் இருக்க வேண்டிய வாஷர் வெளிப்புறம் போய்விட்டால், அந்த வாஷரின் கனம் அளவுக்குப் பிரீவீல் ஃபிரேமை நெருங்கிவிடும். அதை மீண்டும் செயின் பக்கத்தில், ஃபிரேமுக்கு உட்புறமாக மாட்டினால் உரசல் அக்கணமே நிற்கும். ஆகவே கழற்றும்போதே நட்டு, வாஷர் எல்லாவற்றையும் வந்த வரிசைப்படி ஒரு செய்தித்தாளின்மேல் அடுக்கிவைக்கும் பழக்கம் நல்லது.

நான்காவது, செயின் கவர். சைக்கிள் கீழே விழுந்தாலோ, ஸ்டாண்டில் நெருக்கி அடுக்கினாலோ கவர் உள்நோக்கி நெளியும். கையால் மெல்ல வெளியே இழுத்தாலே போதும். திருகு தளர்ந்து ஆடினால் இறுக்குங்கள். கவருக்கும் பிடிக்கும் இடையே பழைய டியூப் துண்டு ஒன்றை வைத்தால் மீண்டும் ஆடாது. உரசுகிறதே என்று கவரைக் கழற்றி எறிந்துவிடுவோரும் உண்டு. அது பெரும் தவறு. பாவாடை நுனியும் சல்வார் காலும் சிக்காமல் காப்பது அந்தக் கவரே.

ஐந்தாவது, செயின் லாக். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் சிறு கவ்வி இது. கண்ணில் படும்படி வெளிப்புறமாகவும், மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கியும் இருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது பட்டுக் கழன்றுவிடும்.

கடைக்கு விடவேண்டியவை

எல்லாம் நம்மால் ஆகும் என்று எண்ணுவதும் சரியன்று. பெடல்களின் கைகளைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் 'கடக்' என்று ஆடுகிறதா? பெடல் அச்சின் கப் தளர்ந்திருக்கலாம். காட்டர் பின் தேய்ந்திருக்கலாம். பற்சக்கரம் கோணியிருப்பது, ஃபிரேம் வளைந்திருப்பது, ரிம்மில் கோட்டம் எடுப்பது ஆகியவையும் தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும் வேலைகள். ஆயினும் கடைக்குப் போய் "என்னமோ சத்தம் வருது அண்ணா" என்பதற்கும், "பெடல் ஒரு சுத்துக்கு ஒரு தடவை உரசுது, பி.பி. கப் ஆடுதான்னு பாருங்கண்ணா" என்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! காரணம் தெரிந்து பேசுகிறவளுக்குத் தேவையில்லாத செலவு நேராது.

உரசாமல் காப்பது

சிலர் உரசும் இடத்தில் பழைய டியூபைச் சுற்றிவிட்டு வேலை முடிந்ததென்று இருப்பார்கள். அது புண்ணின்மேல் சட்டை போடுவது போன்றது. முதலில் காரணத்தை நீக்க வேண்டும். நீக்கிய பின், கீழ்க்குழாயில் டியூப் பட்டையைச் சுற்றுவது நல்லதே. வேகத்தடையில் செயின் துள்ளி அடித்தாலும் சாயம் போகாது. சாயம் போகாவிட்டால் துருவும் ஏறாது.

மழையில் நனைந்த அன்றே செயினைப் பழந்துணியால் துடைக்க வேண்டும். மாதம் ஒருமுறை பழைய பல்துலக்கியால் சேற்றைத் தேய்த்து எடுத்து, ஒவ்வோர் உருளையிலும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, மேலே வழிவதைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் தேவைப்படுவது உள்ளே, வெளியே அன்று. கெட்டிக் கிரீஸை அப்பினால் நம் சாலைப் புழுதி முழுதும் அதில் ஒட்டி, அரத்தூள் போல அராவும். விறைத்த இணைப்புக்கும் எண்ணெய் விட்டு இருபுறமும் மெல்ல வளைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் இளகிவிடும்.

தோழியரே! தையல் ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த கைக்கு, வாஷரை வரிசையாக மாட்டுவது பெரிய வித்தையன்று. ஒரு ஸ்பேனர், ஒரு எண்ணெய்க் குப்பி, ஒரு சாக்குக்கட்டி, கொஞ்சம் பொறுமை, இவ்வளவே வேண்டும். வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம் ஒதுக்குவோம். அடுத்த முறை சைக்கிள் 'கறக்' என்று பேசினால் அதை வீட்டில் நிறுத்திவிடாமல், குனிந்து என்னவென்று கேட்போம். கையில் ஒட்டும் கறுப்பு எண்ணெய் சோப்புப் போட்டால் போய்விடும், கற்றுக்கொண்டது போகாது.