மலையை வெட்டுகிறவருக்கும் மண் பாடம் வேண்டும்

மலைநாட்டில் மண்ணரிப்பு என்று பேச்செடுத்தால் பழி முதலில் விவசாயியின் தலையில்தான் விழும். புகையிலை போட்டான், சரிவைக் கொத்தினான் என்பார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. 1976இல் முடிந்த பொல்கொல்ல அணையின் நீர்த்தேக்கம் 1988 அளவில் ஏறத்தாழ 44 வீதம் வண்டலால் நிரம்பிவிட்டது. ஆனால் இன்று பேராதனையைச் சுற்றியுள்ள சரிவுகளைப் பாருங்கள். பயிர் நின்ற இடங்களில் வீட்டு நிலத்துக்காக பெக்கோ இயந்திரம் வெட்டிய சிவந்த மண்சுவர்கள் நிற்கின்றன.

மண்ணைப் படித்தவர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. விவசாயத் திணைக்களத்தின் தலைமையகமும் பல்கலைக்கழக விவசாய பீடமும் பேராதனையில்தான் உள்ளன. மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே வந்துவிட்டது. கல்லணை வை, சமவரம்பு கட்டு, கிளிரிசிடியா நடு என்று விவசாயிக்கு எத்தனையோ வகுப்புகள் நடந்தன. நிலம் வெட்டும் கொந்தராத்துக்காரரை யார் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்? இயந்திரத்துக்கு மணித்தியாலக் கூலி. வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் தள்ளிவிட்டால் அவர் கணக்கு முடிந்தது.

நம் வாசகர்களுக்கு இது பக்கத்து ஊர்ச் செய்தியல்ல. நீர்த்தேக்கத்துக்காக வயலை விட்டவர்களும், கலவரத்தில் ஓடி வந்தவர்களும், 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையிலும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலிலும் மலை சரிந்து வந்ததைக் கண்டவர்களும் மறுபடி வீடு கட்டுவது பெரும்பாலும் இன்னொரு சரிவில்தான்.

சரிவின் அடியை நேராக வெட்டும்போது மேலேயுள்ள மண்ணைத் தாங்கிய கால் போய்விடுகிறது. பள்ளத்தில் தள்ளிய மண் இறுகாமல் கிடந்து, முதல் மழையிலேயே கீழ்வீட்டின் முற்றத்துக்கு இறங்குகிறது. இவற்றைவிடப் பெரிய எதிரி தண்ணீர். 100 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 10,000 லீற்றர் நீர் கொட்டும். ஒரு பெரிய பவுசர் நிறைந்த தண்ணீரை வெட்டிய மண்ணில் திறந்துவிடுவது போன்றது அது. மணலில் கட்டிய வீட்டின் உவமையை நாம் அறிவோம். நம் மலையில் கற்பாறையில் அத்திவாரம் போட்டாலும், பின்னாலிருக்கும் மண் வீட்டுக்குள் வந்துவிடும்!

கொந்தராத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதைத் தோட்டத்தில் கான் வெட்டிய பழைய தொழிலாளி நன்கறிவார். முதலில் கான், பிறகுதான் மற்ற வேலை. வெட்டப்போகும் இடத்துக்கு மேலே, சரிவுக்குக் குறுக்காக, மெல்லிய வாட்டத்தில் அது போக வேண்டும். உள்ளே இடையிடையே சிறு மண்தடுப்புகள் விட்டால் வண்டல் அங்கேயே தங்கும். கான் முடியும் இடம் பாறையாகவோ புல் அடர்ந்த ஓடையாகவோ இருக்கட்டும், அயலவரின் தோட்டமாக இருக்கக் கூடாது. மண்வேலையை ஜனவரி முதல் மார்ச் வரையான குறைமழைக் காலத்தில் முடித்துவிடுவது புத்தி. ஒரே உயரச் சுவராக வெட்டாமல் படிகளாக வெட்ட வேண்டும். மேல்மண்ணைத் தனியே குவித்து மூடி வைத்தால், பின்னர் அதையே பரப்பிப் புல்லோ வெட்டிவேரோ நடலாம். தாங்குசுவருக்குப் பின்னால் சல்லிக்கல் நிரப்பி, சுவரில் நீர் கசியத் துளைக்குழாய்கள் விட வேண்டும். துளையில்லாத சுவர் எவ்வளவு தடித்திருந்தாலும் பின்னால் தேங்கும் நீர் அதைத் தள்ளிவிடும். கூரைநீரைப் பீலி பிடித்துக் குழாயில் இறக்கிக் கானில் சேர்க்க வேண்டும்.

மண்சரிவு அபாய வரைபடப் பணியைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990இல் தொடங்கியது. கண்டி போன்ற மாவட்டங்களில் கட்டுவதற்கு முன் அதன் பரிந்துரை தேவை. முளை அடிக்கும் முன்னரே கேளுங்கள், வெட்டிய பிறகு அல்ல.

ஒப்பந்தக் கடதாசியில் மூன்று விடயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: கானை யார் வெட்டுவது, மண் எங்கே போகும், தாங்குசுவர் யார் பொறுப்பு. கடைசித் தவணையை முதல் பெருமழைக்குப் பிறகு தருவதாகப் பேசுங்கள். சில பாஸ்மார் முகம் சுளிப்பார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு, மழை பெய்யும்போதே அவர்கள் முன்பு வெட்டிய ஓரிடத்துக்குப் போய், தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறதென்று இருவருமாகப் பாருங்கள்.