ஏற்றத்தில் தெரியும் நோய், இறக்கத்தில் தெரியும் நோய்

கராஜுக்கு ஒரு வண்டி வந்தால் நான் முதலில் பொனட்டைத் திறப்பதில்லை. "எங்க நின்னுச்சு?" என்றுதான் கேட்பேன். ஏற்றத்திலா, இறக்கத்திலா? லயத்து வாசலில் விடியற்காலைப் பனியிலா, வெயில் ஏறிய பிறகு டவுனிலா? ஓட்டுநர் இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். கொழும்புச் சமதரையில் மாதக்கணக்கில் மறைந்து கிடக்கும் கோளாறு, கினிகத்தேனை ஏற்றத்தில் ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். பழைய வண்டியைச் சோதிக்க நம் மலையைவிட நல்ல இடம் கிடையாது.

நான் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். அப்பா கொழுந்து லொறி ஓட்டினார். அந்த லொறி பிந்தினால் என்ன ஆகும் என்று லயத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மடுவத்தில் நிறுத்துப் போட்ட கொழுந்து சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவக்கத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தாலும் அது நல்ல தேயிலை ஆகாது. பிரசவ வலி கண்ட பெண்களை நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதே லொறிதான். தோட்டத்து கராஜில் நான் வேலை பழகப் போனதற்கு அதுவே காரணம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் பழைய வண்டிகளின் விலை எங்கேயோ போய்விட்டது. இப்போதும் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பாதைகளில் ஓடுபவற்றில் பல பழைய எல்ஃப், கேன்டர், டாட்டா, லேலண்ட் லொறிகளும், பஜேரோ, லேண்ட் ரோவர் ஜீப்புகளும்தான். இவற்றை இன்னும் பல வருடம் ஓட்ட முடியும். ஆனால், பழுது என்றதும் எதைக் கழற்றுவது என்று பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளை நினைத்துக்கொண்டு யோசிக்கிற பழக்கம் போக வேண்டும். முதலில் அறிகுறியைப் பார்க்க வேண்டும். மலிவான காரணத்தை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு கேன்டரை எடுத்துக்கொள்வோம். நோர்வூட் பக்கமிருந்து வந்தது. காலையில் ஸ்டார்ட் ஆகாது, தள்ளித்தான் எடுக்க வேண்டும், எடுத்த பிறகும் சிறிது நேரம் இருமி இருமி ஓடும். வேறோர் இடத்தில் காட்டி, நொசில்களை எல்லாம் சோதித்து, பணமும் செலவாகிவிட்டது.

"அண்ணே, பம்ப எறக்கணும்னு சொல்லிட்டாங்க" என்றார் ஓட்டுநர்.

"ராவுல எங்க நிப்பாட்டுறீங்க தம்பி?"

"லயத்துக்கு மேல, ஏத்தத்துல."

"முன்பக்கம் மேல பாத்தா, கீழ பாத்தா?"

"மேல பாத்துத்தான். திருப்ப எடமில்லையே."

அன்றிரவு எப்படியாவது திருப்பி, முன்பக்கம் கீழே பார்க்க நிறுத்தச் சொன்னேன். மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும் எடுத்துவிட்டது. அந்த லொறியில் டீசல் டாங்கி கேபினுக்குப் பின்னால், என்ஜின் முன்னால். முன்பக்கம் மேலே பார்க்க நின்றால் என்ஜின் உயரத்தில், டாங்கி பள்ளத்தில். டீசல் குழாயில் எங்காவது ஊசிமுனை அளவு வெடிப்பு இருந்தால் இரவு முழுக்க அதன் வழியாகக் காற்று உள்ளே போகும், டீசல் டாங்கிக்கே இறங்கிவிடும். குழாய் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால் வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. அதனால்தான் யார் கண்ணிலும் படுவதில்லை. பில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு துண்டு கண்ணாடிக் குழாயை, அதாவது உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாயை மாட்டி ஓட்டிப் பார்த்தோம். குமிழ் குமிழாகக் காற்று வந்தது. கையால் அடிக்கும் பிரைமரின் ரப்பர் சீல் வெடித்திருந்தது. அதை மாற்றி, காற்றை வெளியேற்றும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழ் நின்று டீசல் மட்டும் வரும்வரை பிரைமரை அடித்து இறுக்கினோம். பம்பில் ஒரு குறையும் இல்லை.

காலைத் தொல்லைகளில் இது ஒரு வகை. தை, மாசியில் நுவரெலியாவில் தரையில் உறைபனி விழும் நாட்களில் வேறு வகைகளும் வரும். ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வெளிச்சம் மங்கிச் செத்துப்போனால் பற்றரியோ அதன் முனைகளோ குற்றவாளி. வெளிச்சம் குறையாமல் 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் பக்கம் பாருங்கள். பற்றரியை மாற்றும் முன், முனைகளைச் சுரண்டித் துடைத்து, சேசியில் எர்த் வயர் இறுக்கியிருக்கும் இடத்தின் துருவையும் சுரண்டுங்கள். நம் ஊர் ஈரத்தில் அந்த ஓரிடம் மட்டும் துருப்பிடித்து முழு வண்டியையும் முடக்கிவிடும்.

ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிடம் வெள்ளைப் புகையோடு குலுங்கினால் ஹீட்டர் பிளக் ஒன்று செத்திருக்கலாம். பிளக்கின் வயரைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையைப் பற்றரியின் பிளஸ்ஸிலும் மறுமுனையைப் பிளக்கின் தலையிலும் வையுங்கள். எரியாவிட்டால் அந்தப் பிளக் போய்விட்டது. பழைய டீசல் லேண்ட் ரோவரில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அதில் பிளக்குகள் ஒன்றின் வழியாக ஒன்றாக, தொடராக இணைந்திருக்கும். ஒன்று போனால் நான்கும் போன மாதிரிதான் தெரியும்.

அடுத்தது கறுப்புப் புகை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத பழைய என்ஜினுக்குக் கிடைக்கும் காற்று குறைந்துவிடும், பம்போ கொழும்பில் கொடுத்த அளவு டீசலையே கொடுத்துக்கொண்டிருக்கும். எரியாத டீசல் கரியாக வெளியே வரும். இந்த நிலையில் "இழுவை பத்தல, பம்ப கொஞ்சம் கூட்டிக் குடுங்க" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். நான் கூட்டிக் கொடுப்பதில்லை. இழுவை ஒரு துளி கூடலாம். சூடும் புகையும் டீசல் செலவும் அதைவிட அதிகமாகக் கூடும், வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் எயார் பில்டரைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள், தூசியில்லாத பாதையில் கொஞ்ச தூரம் மட்டும். புகை குறைந்தால் காரணம் கையிலேயே இருக்கிறது. நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது; அது பெரிய வேலை, தள்ளிப் போட்டாலும் தப்ப முடியாது.

சூடேறுவதற்கும் இந்த உயரத்துக்கும் சம்பந்தம் உண்டு. நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி 0.9 என்று அச்சிட்ட நல்ல மூடியாக இருந்து அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டால் அது சுமார் 115 பாகைவரை தாங்கும். ஆகவே, ரப்பர் காய்ந்த ஒரு பழைய மூடி கம்பளையில் செய்யாத கெடுதலை இங்கே செய்யும். மெதுவாக ஏறும்போது மட்டும் சூடேறினால் பேன், பெல்ட், ரேடியேட்டர் இடுக்குகளில் அடைந்த சேறு ஆகியவற்றைப் பாருங்கள். சமதரையிலும் சூடேறினால் தேர்மோஸ்டாட், வோட்டர் பம்ப். சொட்டு ஒழுகாமல் தண்ணீர் குறைந்து, குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததுமே மேல் குழாய் கல்லாக இறுகினால் ஹெட் கஸ்கட்.

தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம்மிடையே ஒரு வைத்தியம். சூடான ஊரிலேயே அது தப்பு. நுவரெலியாக் குளிரில் இன்னும் தப்பு. என்ஜின் கடைசிவரை சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், டீசல் குடிக்கும், சீக்கிரம் தேயும். இன்னொன்று: கொதித்து நிற்கும் என்ஜினுக்குப் பக்கத்துப் பீலியில் பிடித்த தண்ணீரை ஊற்றாதீர்கள். அலுமினிய ஹெட் உள்ள ஜீப்புகளில் ஒரு வாளி குளிர்நீர் போதும், ஹெட் வெடித்துவிடும். அரை மணி நேரம் பொறுத்திருங்கள். கொழுந்து காத்திருந்தாலும் பரவாயில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் பணம் போகிற நோய்கள். உயிர் போகிற நோய் இறக்கத்தில் இருக்கிறது.

நுவரெலியாவிலிருந்து இறம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் ஏறக்குறைய 1,400 மீற்றர் கீழே வருகிறோம். 8 தொன் எடையுள்ள லொறி அந்த உயரத்தை பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், டிரம்களில் பிறக்கும் வெப்பம் 300 லீற்றருக்கு மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அவ்வளவு வெப்பமும் நான்கு சக்கரங்களுக்குள்தான் போகிறது. ஏறுவதற்கு எந்த கியரோ இறங்குவதற்கும் அதே கியர் என்று பழைய ஓட்டுநர்கள் சொன்னது இதனால்தான். 2022இல் டீசல் வரிசையில் இரவு பகலாக நின்ற காலத்தில், இறக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் உருட்டியவர்கள் உண்டு. என்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெக்குவமும் நின்றுவிடும். இரண்டொரு மிதியில் மிச்சமும் தீர்ந்து, பெடல் மரக்கட்டையாகிவிடும். அந்தப் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பெடல் பேசும் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். நின்ற இடத்தில் காலை அழுத்தி வைத்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் சீல் போய்விட்டது. பஞ்சுபோல் இருந்தால் உள்ளே காற்று. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கத்து வீல் சிலிண்டர் ஒழுகி ஷூவில் ஒயில் பட்டிருக்கலாம். நீண்ட இறக்கத்துக்குப் பிறகு வரும் இரண்டு அறிகுறிகளைப் பிரித்தறிய வேண்டும். பெடல் உறுதியாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை, கருகிய வாடை அடிக்கிறது என்றால் ஷூ சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டது. பெடலே தரைவரை போய்விடுகிறது, ஆறிய பிறகு ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வருகிறது என்றால் குழாய்க்குள் பிரேக் ஒயில் கொதித்துவிட்டது.

இந்த இரண்டாவது நோயை கராஜில் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் அங்கே வந்து சேரும்போது வண்டி ஆறியிருக்கும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. டொட் 3 ரக ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகைவரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடும். வருடத்தில் பாதி நாள் மூடுபனியும் மழையுமாக இருக்கும் நம் ஊரில் இது சீக்கிரமே நடக்கும். ஒயில் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தால் காத்திருக்காதீர்கள். நிறம் மாறாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு மேல் விடாதீர்கள். எயார் பிரேக் உள்ள பெரிய லொறி, பஸ் என்றால் காற்று டாங்கியில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும். ஒரு நிமிட வேலை.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் பஸ் ஒன்று வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி 7 பேர் இறந்ததை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. அந்த இறக்கத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும், பெரிய வண்டி அங்கே வேகமெடுத்துவிட்டால் ஓட்டுநருக்குச் செய்ய ஏதும் மிஞ்சாது.

பிரேக்கைப்போலவே வெளியே தெரியாத இன்னொரு நோய் துரு. லேண்ட் ரோவர் வாங்க ஆசைப்படுபவர்களுக்கு அதைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் மேலுடம்பு அலுமினியம், துருப்பிடிக்காது, பளபளவென்று இருக்கும். சேசி இரும்பு, அது உள்ளிருந்து உளுத்துப் போகும். சிறிய சுத்தியலால் சேசி முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். 'கணீர்' என்று கேட்டால் நல்லது. 'தொப்' என்று அடங்கினால் விலை பேச வேண்டாம். உரம் ஏற்றிய லொறிக்கும் இதே சோதனைதான். பொட்டாஷும் யூரியாவும் இரும்பைத் தின்னும், ஏற்றி இறக்கிய அன்றே அடிப்பாகத்தைக் கழுவாத லொறி சில வருடங்களில் பாழாகிவிடும்.

தோட்டத்து உத்தியோகத்தர்களையும் வேன் வைத்திருக்கும் தம்பிமாரையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கி நல்லதண்ணிக்கு வண்டிகள் வரிசை கட்டும் முன், ஏப்ரலில் நுவரெலியாவுக்குக் கூட்டம் ஏறும் முன், பிரேக் ஒயிலை மாற்றுங்கள். ஒரு டயர் வாங்கும் பணத்தில் அது சிறு பங்குதான். கொழுந்து லொறியின் பின்னால் ஏறி மலைக்குப் போகும் அக்காமாரும், பிள்ளைகளை ஸ்கூல் வேனில் அனுப்பும் தாய்மாரும் வண்டிக்காரரிடம் வாய் திறந்து கேளுங்கள்: "பிரேக் ஒயில் எப்ப மாத்துனீங்க?" அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.