எவான்தியா கைரி

எவான்தியா கைரி (1799–1866) கிரேக்க நாட்டைச் சேர்ந்த ஆசிரியை, மொழிபெயர்ப்பாளர், நாடக ஆசிரியர் ஆவார். உதுமானியத் துருக்கியரின் ஆட்சிக்கு எதிராகக் கிரேக்கர்கள் 1821இல் விடுதலைப் போரைத் தொடங்கினர். அப்போரின்போது தம் மக்கள் படும் துயரை மற்ற நாட்டுப் பெண்களுக்கு எடுத்துரைத்து ஆதரவு கேட்டவர் இவர். புதிய கிரேக்க இலக்கியத்தின் முதல் பெண் நாடக ஆசிரியர்களுள் ஒருவராகவும் கருதப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

எவான்தியா ஏஜியன் கடலிலுள்ள ஆந்த்ரோஸ் தீவில் பிறந்தார். அக்காலத்தில் கிரேக்கப் பெண்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. எவான்தியாவுக்கு அந்த வாய்ப்பு அவருடைய அண்ணன் தியோபிலோஸ் கைரிஸ் வழியாகக் கிடைத்தது. மதகுருவும் தத்துவ அறிஞருமான அவர், தங்கைக்குப் பழங்கிரேக்கம், பிரெஞ்சு முதலியவற்றைக் கற்கத் துணை நின்றார்.

1814இல், பாரிசில் வாழ்ந்த புகழ்பெற்ற கிரேக்க அறிஞர் அடமாண்டியோஸ் கோராயிசுக்கு எவான்தியா ஒரு கடிதம் எழுதினார். மொழிபெயர்க்கத் தகுந்த பிரெஞ்சு நூல் ஒன்றை அனுப்பும்படி அதில் கேட்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 15.

ஆசிரியப் பணி

அண்ணன் தலைமை வகித்த கல்விக்கூடம் கிடோனியேஸ் நகரில் இருந்தது. இந்நகரம் இன்று துருக்கியில் அய்வாலிக் என அழைக்கப்படுகிறது. எவான்தியா அங்கு சிறுமியருக்குக் கற்பித்தார். மகளுக்குத் தந்தை கூறும் அறிவுரைகளாக அமைந்த, பூயி என்பவரின் பிரெஞ்சு நூல் ஒன்றை அவர் மொழிபெயர்த்தார். அது 1820இல் வெளிவந்தது.

போர் தொடங்கியதும் எவான்தியா ஆந்த்ரோசுக்குத் திரும்பினார். 1821 ஜூனில் கிடோனியேஸ் எரிக்கப்பட்டது. கல்விக்கூடமும் அழிந்தது. 1824இல் அவர் சைரோஸ் தீவுக்குக் குடிபெயர்ந்தார். போரால் வீடிழந்த பல்லாயிரம் அகதிகள் அத்தீவில் தஞ்சம் புகுந்திருந்தனர்.

1825ஆம் ஆண்டு மடல்

1825இல் கிரேக்கரின் நிலை மிக மோசமடைந்தது. சுல்தானுக்கு உதவியாக எகிப்தின் இப்ராகிம் பாஷா பெரும் படையுடன் பெலோபொன்னீஸ் பகுதியில் இறங்கினார். அப்படைக்குப் பயிற்சி அளித்தவர்களுள் ஐரோப்பிய அதிகாரிகளும் இருந்தனர். பிடிபட்ட பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர்.

இந்நிலையில் கிரேக்கரிடம் பரிவு கொண்ட அயல்நாட்டுப் பெண்களுக்கு எவான்தியா ஒரு மடல் எழுதினார். அது ஹைட்ரா தீவில் அச்சிடப்பட்டது. அதில் 31 பெண்கள் கையொப்பமிட்டிருந்தனர். மன்னர்களுக்கோ அமைச்சர்களுக்கோ எழுதாமல், பெண்கள் பெண்களுக்கே எழுதியது இம்மடலின் சிறப்பு. வாக்குரிமையோ பதவியோ இல்லாத பெண்கள் தங்கள் பெயரை வெளிப்படையாக அச்சில் இட்டு நாட்டுக்காக வாதாடியது அன்றைய சமூகத்தில் துணிவான செயலாகும்.

நிக்கிராத்தோஸ் நாடகம்

ஏறத்தாழ ஓராண்டு முற்றுகைக்குப் பின், 1826 ஏப்ரலில் மிசோலாங்கி நகரம் வீழ்ந்தது. பட்டினியால் வாடிய மக்கள் இரவில் முற்றுகையை உடைத்து வெளியேற முயன்றனர். பெரும்பாலோர் கொல்லப்பட்டனர் அல்லது சிறைப்பட்டனர். இந்நிகழ்வை வைத்து எவான்தியா 'நிக்கிராத்தோஸ்' என்னும் நாடகத்தை எழுதினார். அதே ஆண்டில் நாப்பிளியோ நகரில் அச்சான அந்நூலில் அவர் பெயர் இல்லை. 'ஒரு கிரேக்கப் பெண்' எழுதியது என்று மட்டுமே குறிக்கப்பட்டிருந்தது.

போரின் மறுபக்கம்

இப்போரில் துன்புற்றவர்கள் கிரேக்கர் மட்டுமல்லர். 1821இல் கிரேக்கப் படையினர் திரிப்போலிட்சா நகரைக் கைப்பற்றியபோது ஆயிரக்கணக்கான முஸ்லிம்களும் யூதர்களும் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு கியோஸ் தீவில் உதுமானியப் படைகள் கிரேக்கர்களைப் பெருமளவில் கொன்றன. இரு தரப்பையும் அறிந்தே அக்காலத்தை மதிப்பிட வேண்டும்.

பிற்காலம்

ஐரோப்பிய மக்களிடையே கிரேக்கருக்கு ஆதரவு பெருகியது. 1827 அக்டோபர் 20 அன்று பிரித்தானிய, பிரெஞ்சு, ரஷ்யக் கப்பற்படைகள் நவாரினோவில் உதுமானிய-எகிப்தியக் கப்பற்படையை அழித்தன. 1830இல் கிரேக்கத்தின் விடுதலை ஏற்கப்பட்டது.

விடுதலை பெற்ற நாட்டில் எவான்தியாவின் குடும்பத்துக்கு நிம்மதி கிட்டவில்லை. தியோபிலோஸ் தம் சமயக் கருத்துகளுக்காகத் தண்டிக்கப்பட்டு, 1853இல் சைரோஸ் சிறையில் இறந்தார். எவான்தியா ஆந்த்ரோசில் வாழ்ந்து 1866இல் காலமானார். ஆயுதம் ஏந்திய பூபுலினா போன்ற வீராங்கனைகள் அளவுக்கு அவர் பெயர் பரவவில்லை. எனினும், கல்வி பெற்ற ஒரு பெண் தன் மக்களுக்காக எழுத்தால் என்ன செய்ய இயலும் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாக உள்ளது.