ஏட்டில் ஏறாததை யார் தேடுவார்?

சண்டை வரப்போகிறது என்று தெரிந்தால் குடும்பஸ்தர்கள் என்ன செய்வார்கள்? நகைநட்டை ஒளித்து வைப்பார்கள். அரிசி, பருப்பு வாங்கிச் சேர்ப்பார்கள். குழந்தை குட்டிகளோடு வெளியூர் போய்விடுவார்கள். ஆனால் ஐயாயிரம் வருஷத்துச் சொத்துக்குப் பொறுப்பாக உட்கார்ந்திருக்கும் மியூசியம் சிப்பந்திகள் என்ன செய்வது? 2003-ம் ஆண்டு இராக் தலைநகரான பாக்தாதில் எழுந்த கேள்வி இது.

டைக்ரிஸ், யூப்ரடிஸ் என்ற இரண்டு நதிகளுக்கு நடுவே உள்ள பூமி அது. உலகிலேயே மிகப் பழைய எழுத்துக்களில் ஒன்று அங்குதான் பிறந்தது. சுமார் 5,200 ஆண்டுகளுக்கு முன் ஊருக் என்ற நகரத்தில், ஈரக் களிமண் பலகைகளில் குறியிட்டு எழுதினார்கள். என்ன எழுதினார்கள்? காவியமா? ராஜாவின் புகழா? இல்லை. கணக்கு! இத்தனை அளவு பார்லி வந்தது, இத்தனை ஆடு போனது, வேலையாட்களுக்கு இவ்வளவு படியளந்தது என்ற கணக்கு. எழுத்தைக் கண்டுபிடித்தவர் புலவர் அல்ல, ஒரு குமாஸ்தா என்று சொன்னால் தப்பில்லை. காவியமெல்லாம் பிறகு வந்தவை.

நமது நாட்டுக்கும் அந்தப் பூமிக்கும் பழைய தொடர்பு உண்டு. சிந்துவெளி முத்திரைகள் அங்குள்ள பழைய நகரங்களில் கிடைத்திருக்கின்றன. 'ஊர்' என்றே பெயர் கொண்ட ஒரு நகரத்தின் கல்லறைகளில், சிந்துவெளிக் கைவேலை என்று கருதப்படும் சிவப்பு மணிகள் அகப்பட்டன. இத்தகைய செல்வங்களெல்லாம் சேர்ந்த இடம்தான் பாக்தாத் மியூசியம்.

ஐவர் செய்த சத்தியம்

யுத்தம் நெருங்கியபோது சிப்பந்திகள் சும்மா இருக்கவில்லை. தூக்க முடியாத பெரிய சிலைகளுக்கு மெத்தை போல் நுரை ரப்பர் வைத்தார்கள்; மணல் மூட்டை அடுக்கினார்கள். ஏறக்குறைய 39,000 பழைய சுவடிகளைப் பெட்டிகளில் அடைத்து, நகரத்தின் மேற்குப் பகுதியில் இருந்த ஒரு பதுங்கு அறைக்கு அனுப்பினார்கள். கண்ணாடிப் பெட்டிகளில் இருந்த 8,366 பொருள்களை எடுத்து ஒரு ரகசிய இடத்தில் வைத்தார்கள். அந்த இடம் ஐந்து பேருக்கு மட்டுமே தெரியும். வெளியே சொல்வதில்லை என்று ஐவரும் குர்ஆன் மீது சத்தியம் செய்தார்கள்.

ஏப்ரல் 8-ந் தேதி மியூசியத்தைச் சுற்றிச் சண்டை மூண்டது. கடைசியாக இருந்தவர்களும் வெளியேற நேர்ந்தது. மறுநாள் பாக்தாத் அமெரிக்கப் படைகளிடம் வீழ்ந்தது. 10-ந் தேதி முதல் 12-ந் தேதி வரை மியூசியம் சூறையாடப்பட்டது. இந்த இடத்தைக் காக்கவேண்டும் என்று யுத்தத்திற்கு முன்பே அமெரிக்க ராணுவத்திடம் ஆராய்ச்சியாளர்கள் சொல்லியிருந்தார்கள். ஆயினும் காவலுக்கு டாங்கிகள் வந்து நின்றது 16-ந் தேதிதான்.

சுமார் 15,000 பொருள்கள் களவு போயின. அவற்றில் 5,000 அளவில் விரல் நீளம் கூட இல்லாத உருளை முத்திரைகள். சட்டைப் பையில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு போகலாம்! அடித்தள அறைக்குப் போனவர்கள் விவரம் தெரிந்தவர்கள். பீரோச் சாவிகள் ஒளித்து வைத்திருந்த இடத்தைக்கூடக் கண்டுபிடித்து எடுத்துவிட்டார்கள். மின்சாரம் இல்லை. வெளிச்சத்திற்காக நுரை ரப்பரைக் கொளுத்தினார்கள். அந்தப் புகையிலும் இருட்டிலும் சாவிக்கொத்து கை தவறி விழுந்துவிட்டது. தேடித் தேடியும் அகப்படவில்லை. பூட்டிய பீரோக்களில் இருந்த பழங்காசுகளும் நகைகளும் இப்படித் தப்பின.

கார் டிக்கியில் வந்த ஜாடி

பிறகு தேடுதல் தொடங்கியது. விசாரணைக்குத் தலைமை தாங்கியவர் மாத்யூ போக்டானோஸ் என்ற அமெரிக்கக் கர்னல். சொந்த உத்தியோகத்தில் அவர் நியூயார்க் அரசு வக்கீல். பொருளைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும், கேள்வி இல்லை, வழக்கு இல்லை என்று அறிவித்தார்கள். மசூதிகளிலும் அதை எடுத்துச் சொன்னார்கள்.

ஜூன் மாதம் மூன்று பேர் காரில் வந்தார்கள். டிக்கியைத் திறந்தால், ஊருக் நகரத்துப் புகழ்பெற்ற கல் ஜாடி, துண்டு துண்டாக! செப்டம்பரில், அதே ஊருக்கில் கிடைத்த பெண்முகச் சிற்பம் ஒரு தோட்டத்து மண்ணுக்கடியில் அகப்பட்டது. நவம்பரில், அக்காத் மன்னர் காலத்துச் செம்புச் சிலை கழிவுநீர்க் குழி ஒன்றிலிருந்து, கிரீஸ் பூசிய நிலையில் வெளியே வந்தது. காணாமல் போனதாக நினைத்த நிம்ருத் தங்கப் புதையல், மத்திய பாங்க்கின் நிலவறையில் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. தண்ணீரை இறைத்து எடுத்தார்கள். பதுங்கு அறைச் சுவடிகளை அக்கம்பக்கத்து ஜனங்களே காவல் காத்திருந்தார்கள்.

அந்த ஐவர்? ஊரே மியூசியத்துக்காக அழுதபோதும், தங்கள் மீதே சந்தேகம் விழுந்தபோதும் அவர்கள் வாய் திறக்கவில்லை. வந்தவர்களை நம்பலாம் என்று தெரிந்த பிறகே இடத்தைக் காட்டினார்கள். அத்தனையும் பத்திரமாக இருந்தது.

களவு போனதில் ஏறக்குறையப் பாதி பின்னால் திரும்பி வந்தது. வருவதற்கு ஒரு முக்கியக் காரணம் பேரேடு. இது இன்ன எண், இன்ன இடத்தில் தோண்டியது, இன்ன அளவு என்று யாரோ ஒரு குமாஸ்தா என்றைக்கோ எழுதி வைத்திருந்தார். எண் உள்ள பொருளை வெளிநாட்டுச் சந்தையில் விற்பது கஷ்டம். பிடிபட்டால் இது எங்களுடையது என்று காட்டுவது சுலபம்.

எண் இல்லாத பொருள்கள்

ஆனால் பேரேட்டில் ஏறாத பொருளை யார் தேடுவது? மியூசியத்தைப் பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்தபோது, தெற்கு இராக்கில் உம்மா, இசின் முதலிய பழைய நகரங்கள் புதைந்த மண்மேடுகளைக் கும்பல் கும்பலாகத் தோண்டினார்கள். அரசாங்கம் இல்லை, காவல் இல்லை, கிராமத்தானுக்கு வேறு பிழைப்பும் இல்லை. வானத்திலிருந்து பார்த்தால் அம்மைத் தழும்பு போல் ஆயிரக்கணக்கான குழிகள். அவற்றிலிருந்து எத்தனை பொருள் போயிற்று என்று எவராலும் கணக்குச் சொல்ல முடியாது.

2021-ம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து சுமார் 17,000 பழம்பொருள்கள் இராக்குக்குத் திரும்பின. கில்காமேஷ் காவியத்தின் ஒரு பகுதி எழுதிய களிமண் பலகையும் அந்த ஆண்டில் வந்து சேர்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் திருட்டுத்தனமாகத் தோண்டிய பலகை எந்த வீட்டில் இருந்தது, பக்கத்தில் என்ன இருந்தது என்று யாரும் சொல்ல இயலாது. மண்ணோடு இருந்தவரை அது சாட்சி. பிடுங்கி எடுத்தபின் அது சந்தைச் சரக்கு.

யுத்த காலத்தில் கலைச்செல்வங்களைக் காக்கச் சர்வதேச ஒப்பந்தம் இல்லாமல் இல்லை. 1954-ல் ஹேக் நகரில் கையெழுத்தானது. தாக்காமல் இருந்தால் மட்டும் போதாது, கொள்ளையையும் தடுக்கவேண்டும் என்கிறது அது. இந்தியா 1958-லேயே அதை ஏற்றது. இராக் யுத்தம் நடந்தபோது அமெரிக்காவும் பிரிட்டனும் அதை ஏற்று உறுதி செய்திருக்கவில்லை. அமெரிக்கா 2009-லும் பிரிட்டன் 2017-லும்தான் உறுதி செய்தன. அதற்குள் பாபிலோன் இடிபாடுகளின் மேலேயே ராணுவ முகாம் போட்டாகிவிட்டது. பழைய பானையோடும் செங்கல்லுடைய துண்டுகள் கலந்த மண்ணை மூட்டை கட்டி அடுக்கினார்கள். புராதன வீதியின் செங்கல் தளம் வண்டிச் சக்கரத்தில் நொறுங்கியது.

பாக்தாத் மியூசியம் 2015 பிப்ரவரியில் பொதுமக்களுக்கு மீண்டும் திறந்தது. யுத்தம் நடத்திய தளபதிகளின் பெயர் உலகத்துக்கெல்லாம் தெரியும். பூட்டிய அறையின் ரகசியத்தைக் காத்தவர்களையும், தினம் உட்கார்ந்து எண் போட்டு எழுதியவர்களையும் அறிந்தவர் குறைவு. அவர்கள் எழுதிய பேரேட்டில் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு உரிய பொருள் இன்னும் வந்து சேரவில்லை. ஆனாலும் அந்த வரிகளை யாரும் அடித்துவிடவில்லை.